மினுமினுப்பு யாருடையது?

மரத்தால் செய்த சிறு பந்தய மகிழுந்துக்கு உலோக மெருகு பூசுவது போலித்தனம் என்போர் உளர். மரம் மரமாகவே தோன்ற வேண்டும் என்பது அவர்கள் வாதம். இன்னொரு சாராரோ, "மினுக்கினால் வண்டி விரைந்து ஓடுமா?" என்று கேட்டு நகைக்கின்றனர். இரு சாராரும் குறி தவறிப் பேசுகின்றனர் என்பேன். பொய் சாயத்தில் இல்லை, ஐயா! அதைத் தேய்த்துப் பூசிய கை யாருடையது என்பதில்தான் பொய் இருக்கிறது.

அமெரிக்கக் குருளைச் சாரணர்கள் நடத்தும் 'பைன்வுட் டெர்பி' போட்டியை எடுத்துக்கொள்வோம். 1953ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் டான் மர்ஃபி என்பார் இதனைத் தொடங்கினார். பிள்ளைகள் தாங்களே ஏறி அமர்ந்து ஓட்டும் 'சோப் பாக்ஸ் டெர்பி' பந்தயத்திற்கு அவர் மகனுக்கு வயது போதவில்லை. ஆகவே ஒரு பைன் மரக்கட்டை, நான்கு சக்கரங்கள், அச்சுக்கு நான்கு ஆணிகள் என எளிய பொருள்களைக் கொண்டு, சரிவான தடத்தில் உருட்டிவிடும் போட்டியை அமைத்தார். இயந்திரம் கிடையாது, புவியீர்ப்பே விசை. எடை 5 அவுன்சுக்கு, அதாவது ஏறத்தாழ 142 கிராமுக்கு, மிகலாகாது என்பது பரவலான விதி. தந்தையும் மகனும் சேர்ந்து ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

'சேர்ந்து' என்னும் அச்சொல்லில்தான் ஓட்டை விழுந்தது. கட்டையை அறுப்பவர் தந்தை; தேய்ப்பவர் தந்தை; வெள்ளிச் சாயம் அடிப்பவரும் தந்தை. மகன் செய்வது, போட்டி நாளில் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது! இந்நோய் அங்கு எவ்வளவு அறியப்பட்டது என்றால், பிள்ளைகளின் வண்டியைத் தமதாக்கிக்கொண்டு போட்டியிடும் தந்தையரை நகையாடி 2005இல் 'டவுன் அண்ட் டெர்பி' என்றொரு திரைப்படமே வந்தது.

இவ்வளவும் ஏன் உலோக மெருகைச் சுற்றிப் பேசுகிறேன்? அந்த மெருகுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிற வண்ணங்கள் குறையை ஓரளவு மறைக்கும், இது காட்டிக்கொடுக்கும். வெள்ளிச் சாயத்தில் அலுமினிய நுண்செதில்கள் கலந்துள்ளன. சாயம் காயும்போது அவை மேற்பரப்பையொட்டிப் படிந்து ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அடியில் ஒரு கீறல் இருந்தாலும் ஒளி அங்கே சிதறும். கண் உடனே அதைக் கண்டுவிடும்.

ஆகவே மினுமினுப்பு கடைசிப் பூச்சில் பிறப்பதன்று. 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, 220, 400 என்று படிப்படியாக, மரத்தின் இழையோட்டத்தின் வழியே தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்துப் பிரைமர் பூசி, காயவிட்டு, மீண்டும் தேய்க்க வேண்டும். அதன்மேல் சாயத்தை மெல்லிய பூச்சாகப் பலமுறை இட வேண்டும். அவசரப்பட்டு ஒரே பூச்சாக அடித்தால் வழிந்துவிடும். ஆசிரியர் கடிந்துகொள்ளத் தேவையே இல்லை. பொறுமையின்மையைச் சாயமே பிள்ளைக்குச் சொல்லிவிடும். இத்தகைய பாடத்தைத்தான் அன்பு மிகுந்த தந்தை ஓர் இரவில் பறித்துக்கொள்கிறார்.

"சிறு பிள்ளையிடம் ஸ்பிரே சாயத்தைக் கொடுக்கலாமா? அதன் ஆவி தீங்கானதாயிற்றே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த ஒரு வேலையை மட்டும் பெரியவர் செய்யட்டும். திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்து செய்யட்டும். வடிவமும் வண்ணமும் பிள்ளையின் தேர்வாக இருக்கட்டும். உப்புத்தாள் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். ஸ்பிரே இல்லாமலும் வழி உண்டு. சமையலறை அலுமினியத் தாளை வெட்டி, மெல்லப் பசை தடவிய மரத்தின்மேல் ஒட்டி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்தால் போதும். வளைவுகளில் சுருக்கம் விழும். விழட்டுமே! அது அந்தப் பிள்ளையின் கையொப்பம்.

பெரியவரின் வெற்றி வேட்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1973இல் ஒகையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் நடந்த சோப் பாக்ஸ் டெர்பியில் வென்ற 14 வயதுச் சிறுவனின் வண்டி மூக்கில் மின்காந்தம் ஒளிந்திருந்தது. தொடக்கக் கோட்டில் விழும் இரும்புத் தடுப்பு வண்டியை முன்னே இழுக்க, மற்றவரைவிட விரைந்து கிளம்பிற்று. பட்டம் பறிக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் அவனுடைய மாமா. தலைகுனிந்து நின்றவனோ சிறுவன்! மெருகு பூசிக்கொடுப்பதும் மின்காந்தம் வைப்பதும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். அளவில் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் பிள்ளைக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: "உன் கை போதாது."

இங்கு நம் பள்ளிகளின் கைவினைக் கண்காட்சிகளிலும் அச்செய்தியையே காண்கிறேன். பத்து வயதுப் பிள்ளையின் பெயர்ச் சீட்டு ஒட்டிய, நாற்பது வயதுக் கைகளின் வேலைப்பாடு! பெற்றோரை மட்டும் குறைசொல்வது அறமாகாது. பளபளப்புக்கே புள்ளி வழங்கும் நடுவர்களாகிய ஆசிரியர்களும் இதற்குப் பொறுப்பு. எனவே சக ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்:

1. பரிசு வழங்குமுன் பிள்ளையிடமே கேளுங்கள்: எதனால் தேய்த்தாய்? எத்தனை பூச்சு? எங்கே தவறியது? செய்த பிள்ளை மடைதிறந்தாற்போல் பேசும்.

2. இறுதிப் பொருளோடு, பாதி தேய்த்த நிலையையும் வகுப்பில் பார்த்துப் புள்ளி கொடுங்கள்.

3. பெரியவர்க்கும் ஆசை இருக்கிறதா? அவர்களுக்குத் தனிப் போட்டி வையுங்கள். அமெரிக்கச் சாரணர் குழுக்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன.

பெற்றோர்களே! உங்கள் கைத்திறனை நான் பழிக்கவில்லை. அதை உங்கள் பெயரிலேயே மேசைமேல் வையுங்கள். முதல் ஆளாய் நின்று கைதட்டுவேன். அதன் பக்கத்தில், திட்டுத்திட்டாய் வெள்ளி பூசிய, ஒரு பக்கம் சற்றே கோணிய அந்தச் சின்ன வண்டிக்கும் இடம் விடுங்கள்.