கடனா? நஷ்டஈடா?

பணக்கார தேசங்கள் ஏழை தேசங்களுக்குக் கொடுத்துவரும் “சீதோஷ்ண நிதி” என்பதைப் பற்றி நம்மவர்களில் அநேகர் ஏதோ பெரிய தானதர்மம் நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்திரிகை படிக்கிறவர்களே அப்படித்தான் பேசுகிறார்கள். ஆதலால் அது தர்மமா, வியாபாரமா, அல்லது வெறும் பித்தலாட்டமா என்பதை ஒரே ஒரு தேசத்தின் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்துவிடலாம் என்று கருதுகின்றோம்.

2022-ஆம் வருஷம் பாகிஸ்தானில் பெருவெள்ளம் வந்தது. அந்த ஆகஸ்டு மாதத்தில் சிந்து மாகாணத்தில் வழக்கமான மழையைப்போல் ஏழு மடங்கும், பலுசிஸ்தானத்தில் எட்டு மடங்கும் பெய்தது. 3 கோடியே 30 லட்சம் ஜனங்கள் அவதிக்குள்ளானார்கள். 1,700 பேருக்கு மேல் மாண்டார்கள். 20 லட்சம் வீடுகளுக்கு மேல் இடிந்தோ சேதப்பட்டோ போயின. மஞ்சர் ஏரி நிரம்பித் ததும்பியபோது, பெரிய ஊர்களைக் காப்பாற்றுவதற்காக அதிகாரிகளே கரையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் கிராமங்களின்மேல் போயிற்று. கரையை வெட்டுவதென்றால் எந்த தேசத்திலும் குடியானவன் இருக்கும் பக்கமாகத்தான் வெட்டுவார்கள் போலும்!

இதைக் கடவுள் செயல் என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்க இடமில்லாமல் போகும். ஆனால் மழைக்குக் காரணம் உண்டு. நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்த புகையால் பூமி சூடேறியிருக்கிறது. சூடான காற்று அதிக நீரைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் கொட்டும். அந்த வருஷத்து மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அதன் கடுமையைப் பூமியின் சூடு கூட்டியிருக்கக்கூடும் என்றே சொன்னார்கள். சரி, அந்தப் புகையை விட்டது யார்? உலகத்துப் புகையில் பாகிஸ்தானுடைய பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. எருமையையும் பருத்திக் காட்டையும் வெள்ளத்தில் பறிகொடுத்த சிந்து குடியானவன் தன் ஆயுளில் எத்தனை மூட்டை நிலக்கரி எரித்திருப்பான் என்று கேட்கின்றோம்.

நிற்க, இடிந்ததைத் திரும்பக் கட்ட 1,630 கோடி டாலர் வேண்டும் என்று கணக்கெடுத்தார்கள். 2023 ஜனவரி 9-ந் தேதி ஜெனீவாவில் மகாநாடு கூடி, 900 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்களித்தார்கள். உலகமெல்லாம் “ஆகா, என்ன தாராளம்!” என்று எழுதிற்று. பிறகு அந்த தேசத்து நிதி மந்திரியே வாயைத் திறந்து, இதில் பத்தில் ஒன்பது பங்கு கடன்தான், அதுவும் மூன்று வருஷத்தில் கொஞ்சங்கொஞ்சமாக வரும் என்று சொன்னார்.

பக்கத்து வீட்டான் தான் குளிர்காய மூட்டிய நெருப்பு நம் கூரையில் பற்றிக்கொள்கிறது. கூரை எரிந்து சாம்பலான பின்பு அவன் ஓடிவந்து, “பயப்படாதே, கீற்று வாங்கப் பணம் தருகிறேன், இந்தப் புரோநோட்டில் கையெழுத்துப் போடு” என்கிறான். கையெழுத்து வாங்கிக்கொண்டு தெருவெல்லாம் போய்த் தன்னை தர்மப்பிரபு என்றும் சொல்லிக்கொள்ளுகிறான். இவனுக்கு ஊரில் என்ன பெயர் கொடுப்பார்கள்?

இது பாகிஸ்தானுக்கு மாத்திரம் நடந்த காரியமல்ல. வருஷத்திற்கு 10,000 கோடி டாலர் 2020-க்குள் “திரட்டித் தருவோம்” என்று 2009-இல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தார்கள். தருவோம் என்று சொல்லவில்லை, திரட்டித் தருவோம் என்றார்கள். சூழ்ச்சியெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. இரண்டு வருஷம் தாமதித்து 2022-இல் தொகை ஒருவாறு நிறைந்தது. அவர்களுடைய சங்கமே வெளியிட்ட கணக்குப்படி, அதில் சர்க்கார்கள் மூலமாக வந்த பணத்தில் நூற்றுக்கு 69 பங்கு கடன். 2015-இல் பாரீசில் கூடியபோது, சேதத்தைப் பற்றிய பகுதியை வைத்துக்கொண்டு பொறுப்பென்றோ நஷ்டஈடென்றோ யாரும் கேட்கக்கூடாது என்று தீர்மானத்தின் 51-வது பத்தியில் முன்ஜாக்கிரதையாக எழுதிக்கொண்டார்கள். குற்றமற்றவனுக்கு இவ்வளவு முன்ஜாக்கிரதை எதற்கு?

“கடன் வாங்கினால் கட்டத்தானே வேண்டும்? அங்குள்ள ஆளுவோர் தின்று தீர்த்ததற்கு மற்றவர்கள் என்ன செய்வார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. தின்றது வாஸ்தவம். சிந்து மாகாணத்து ஜமீன்தார்களிடத்திலும், பட்டாளத்துப் பெரிய மனிதர்களிடத்திலும் நமக்கு ஒரு துளி அபிமானமும் கிடையாது. குத்தகைக்காரனைத் தலைமுறை தலைமுறையாகக் கடனில் வைத்திருப்பவர்கள் அவர்களே. ஆனால் 2024-25-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் வரவுசெலவுத் திட்டத்தில் ரூபாய்க்கு எட்டணாவுக்கு மேல் உள்நாட்டு வெளிநாட்டு வட்டிக்கே ஒதுக்கப்பட்டதே, அதனால் ஜமீன்தார் பட்டினி கிடந்தாரா? பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்லாமல் போனது யாருக்கு?

கட்டமுடியாத கடனைக் குறைப்பது உலகத்தில் நடக்காத அதிசயமும் அல்ல. உலகத்தையே யுத்தத்தில் தள்ளிய ஜெர்மனிக்கு 1953-இல் லண்டனில் ஏறக்குறைய பாதிக் கடனைத் தள்ளிக் கொடுத்தார்கள். மீதியையும் சக்திக்கேற்றபடி பல வருஷங்களில் கட்டலாம் என்றார்கள். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் பாகிஸ்தானும் ஒன்று, இலங்கையும் ஒன்று! அந்த இலங்கையே 2022-இல் வெளிக்கடனைக் கட்டமுடியாமல் நிறுத்திற்று. அன்று ஜெர்மனியின் கஷ்டத்திற்கு இரங்கிக் கையெழுத்துப் போட்டவர்கள் இன்று கேட்டால் மாத்திரம் நாணயம், ஒழுங்கு, வியாபார தர்மம் என்ற உபதேசமெல்லாம் எங்கிருந்து வருகிறது?

ஆகவே வெள்ளத்திற்கென்று கொடுத்த கடனை நஷ்டஈடாக மாற்றிக் கணக்கைத் தீர்க்கவேண்டும், பழைய கடனில் கட்டமுடியாததைத் தள்ளவேண்டும், இனிமேல் கொடுப்பதைக் கடனாகக் கொடுக்கக்கூடாது என்பதுதான் நமது அபிப்பிராயம். சேதத்திற்கென்றே தனி நிதி வைப்பதாக 2022-இல் எகிப்தில் ஒப்புக்கொண்டார்கள். மூன்று வருஷமாகியும் உலகத்திற்கெல்லாம் சேர்த்து அதற்கு வாக்களித்த தொகை 100 கோடி டாலரை எட்டவில்லை. 2025 மே மாதத்தில் சர்வதேச நிதியம் சீதோஷ்ண ஆபத்தைச் சமாளிக்கவென்று பாகிஸ்தானுக்கு ஏறக்குறைய 140 கோடி டாலர் மேலும் கடன் ஒப்புக்கொடுத்தது. அந்த வருஷத்து மழையில் பஞ்சாபில் ஆறுகள் மறுபடியும் கரைபுரண்டன. தேசம் முழுவதும் 1,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பழைய புரோநோட்டு அப்படியே இருக்கிறது.