ஏ.ஐ. எப்போது இணையத்தில் தேட வேண்டும்?

பத்திரம் இல்லாவிட்டாலும் பல தலைமுறையாகத் தொழுகை நடக்கும் இடம் வக்ஃப் ஆகுமா? ஒரு ஜமாஅத் நிர்வாகி சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. செயலியிடம் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடாமல், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவில் வைத்து "ஆகும்" என்று அது சொல்லிவிடக்கூடும். ஆனால், 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், 'பயன்பாட்டின் மூலம் வக்ஃப்' என்ற அந்த வழியையே இனிமேல் இல்லை என்று நீக்கிவிட்டது. முன்பே பதிவான சொத்துகளுக்கு மட்டும், சில விலக்குகளுடன், பாதுகாப்பு தந்துள்ளது.

ஏன் இந்தத் தவறு? ஏ.ஐ. ஒரு குறிப்பிட்ட தேதி வரையிலான எழுத்துகளைப் படித்துப் பழகியது. அதற்குப் பின் நடந்தவை தேடினால்தான் தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் தேடினால் நேரமும் செலவும் கூடும். எனவே, தேடலாமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் செயலியே முடிவு செய்கிறது.

"இன்றைய தங்கம் விலை என்ன?" என்றால் தேட வேண்டும் என்பது எளிதில் புரியும். ஜகாத் இரண்டரை சதவீதம் என்பதற்குத் தேடவே வேண்டியதில்லை. சிக்கல் இரண்டுக்கும் இடைப்பட்டவற்றில்தான். வக்ஃப் கேள்வியில் 'இன்று', 'இப்போது' என்ற சொல்லே இல்லை. பார்க்க மாறாத விஷயம் போலத் தெரிகிறது; ஆனால் மாறிவிட்டது. தன் தகவல் பழையது என்பதே அதற்குத் தெரியாது.

தேடிவிட்டால் மட்டும் போதுமா? 2024 மே மாதம் கூகுளின் ஏ.ஐ. பதில், பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டப் பசை சேர்க்கச் சொன்னது. இணையத்தில் யாரோ எழுதிய பழைய கேலியை அது நம்பியிருந்தது. வக்ஃப் விஷயத்திலும், உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று முழுச் சட்டத்துக்கும் தடை விதிக்க மறுத்து, சில பிரிவுகளை மட்டும் நிறுத்தி வைத்தது. அதற்கு முந்தைய கட்டுரையைத் தேடி எடுத்தாலும் பதில் அரைகுறைதான்.

எனவே சட்டம், விண்ணப்பக் கடைசி நாள், கட்டணம், மருந்து ஆகியவற்றைக் கேட்கும்போது "இணையத்தில் தேடி, தேதியோடும் சுட்டியோடும் சொல்" என்று நாமே கட்டளையிட வேண்டும். அந்தச் சுட்டியைத் திறந்து படிக்கவும் வேண்டும். பள்ளிவாசல் சொத்து என்றால், கடைசி வார்த்தை வழக்கறிஞருடையதாக இருக்கட்டும். ஏ.ஐ. தவறாகச் சொன்னது என்பதை எந்த நீதிமன்றமும் காரணமாக ஏற்காது.