வாரம் ஐந்து நிமிடம்

மாதம் பத்துப் பிரசவம் பார்க்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 120 குழந்தைகள். பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துக்கு மூச்சைத் தொடங்கிவைக்க ஏதாவது உதவி தேவைப்படும். பெரும்பாலும் ஈரம் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே வீறிட்டு அழுதுவிடும். ஆம்பு பேக்கையும் மாஸ்க்கையும் எடுக்க வைப்பது நூற்றுக்கு ஐந்து குழந்தைகள்தான். ஆக, ஆண்டுக்கு ஆறு. மூன்று ஸ்டாஃப் நர்ஸ் மாறி மாறி டியூட்டி பார்த்தால் ஆளுக்கு இரண்டு. ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, குறைமாதம் என்று சிக்கல் முன்பே தெரிந்த தாய்மார்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறோம். அதனால் இரண்டு என்பது ஒன்றாகலாம், சில வருடம் ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

அந்த ஒன்று சொல்லிக்கொண்டு வராது. நைட் டியூட்டியில், கூட ஓர் ஆயாம்மாவைத் தவிர யாரும் இல்லாத நேரத்தில் வரும். பிறந்த முதல் நிமிடம் முடிவதற்குள் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்க வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் தொட்ட பேக்கைத் தேடி எடுத்து, சரியான மாஸ்க்கைப் பொருத்தி, முதல் அழுத்தத்திலேயே காற்று உள்ளே போக வைப்பது அனுபவத்தால் மட்டும் வரக்கூடியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மேலே உள்ள கணக்கு அந்த நினைப்புக்கு இடம் தரவில்லை. இருபது வருட சர்வீஸ் உள்ள சிஸ்டரும் இந்த ஒரு வேலையில் வருடத்துக்கு இரண்டு முறை செய்தவர்தான். உயிர்காப்புப் பயிற்சியில் கற்ற திறன் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தேயத் தொடங்கிவிடும் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். அரிதாக வரும் வேலைக்குத்தான் அடிக்கடி பழக்கம் வேண்டும். நாமோ நேர்மாறாக நடந்துகொள்கிறோம்.

இதில் நமக்குப் பாடமாக இருக்க வேண்டியது டான்சானியாவின் வடக்கே, கிராமப்புறத்தில் உள்ள ஹைடம் லூத்தரன் மருத்துவமனை. 2010-இல் அங்குள்ள பிரசவ அறைப் பணியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு உருவாக்கிய 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' என்ற பாடத்திட்டம் அது. ஏழு மாதம் கழித்துப் பயிற்சிப் பொம்மையை வைத்துச் சோதித்தபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது: மூச்சுவிடாத குழந்தையைக் கையாளும் தேர்வில் முன்பு 18 சதவீதம் பேர்தான் தேறினார்கள், இப்போது 74 சதவீதம். இதோடு நிறுத்தியிருந்தால் ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் நிறுத்தவில்லை. லேபர் ரூமில் உண்மையான குழந்தைகளுக்கு என்ன செய்தார்கள் என்றும் கவனித்தார்கள். அங்கே எதிர்பார்த்த மாற்றம் எதுவும் இல்லை. பொம்மையிடம் தேறியவர்கள் குழந்தையிடம் பழைய மாதிரியே நடந்துகொண்டார்கள். 2013-இல் வெளிவந்த அந்த ஆய்வின் தலைப்பே இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது.

பிறகு செய்ததுதான் முக்கியம். பயிற்சியை வகுப்பறையிலிருந்து லேபர் ரூமுக்குள் கொண்டுவந்தார்கள். வாரத்தில் ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடம் பொம்மையில் பழக்கம். மாதம் ஒருமுறை நாற்பது நிமிடம் மறுபயிற்சி. புதுப் பாடம் ஏதும் இல்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. இந்த முடிவு 2015-இல் வெளிவந்தது. இன்னொன்றும் நடந்தது: துடைத்துத் தூண்டிவிடுவது கூடியது, பேக் போட வேண்டிய குழந்தைகள் குறைந்தார்கள். முதல் சில விநாடிகளில் கை தயங்காமல் போனால் அடுத்த படிக்குப் போக வேண்டிய தேவையே பல குழந்தைகளுக்கு வருவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஒரே மருத்துவமனையில் முன்பும் பின்பும் ஒப்பிட்ட ஆய்வு இது. அதன் எல்லை நமக்குத் தெரிய வேண்டும். ஆனாலும் ஒருநாள் வகுப்பில் நடக்காதது ஐந்து நிமிடத்தில் நடந்திருப்பதைத் தள்ளிவிட முடியாது.

ஐந்து நிமிடத்தில் அப்படி என்ன பழக முடியும்? மாஸ்க்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறைமாதக் குழந்தைக்கு ஒன்றாம் எண், குறைமாதத்துக்குப் பூஜ்யம். தாடை நுனியில் தொடங்கி மூக்கின் மேல்பகுதி வரை மூட வேண்டும்; கண்ணில் அழுத்தக் கூடாது, தாடைக்குக் கீழே வழியவும் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல், மற்ற மூன்றும் தாடை எலும்பின் மேல். அவசரத்தில் எல்லோரும் செய்வது மாஸ்க்கை முகத்தின் மேல் கீழ்நோக்கி அமுக்குவது. அமுக்கினால் கழுத்து மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். தாடையை மாஸ்க்குக்குள் தூக்கிக் கொடுக்க வேண்டும். எழுதினால் இரண்டு வரி. கைக்கு இது ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இருக்கும். பொம்மை இல்லாத இடத்திலும் ஒன்று செய்யலாம். டியூட்டிக்கு வந்ததும் மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி வைத்து பேக்கை ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது. கையில் அழுத்தம் தெரிய வேண்டும், வால்வு திறந்து காற்று வெளியேறும் சத்தம் கேட்க வேண்டும். அரை நிமிட வேலை. கிழிந்த பேக், எங்கோ எடுத்துப்போன மாஸ்க், குழந்தைக்கான இடத்தில் கிடக்கும் பெரியவர்கள் பேக் எல்லாம் அந்த அரை நிமிடத்தில் அகப்பட்டுவிடும்.

பழகுவதைவிடக் கடினமான ஒன்று உண்டு. பழகியதை விடுவது. நம் தொழிலில் கடந்த இருபது ஆண்டுகளில் கைவிடச் சொன்னவற்றின் பட்டியல் நீளம். மெக்கோனியம் கலந்த பனிக்குட நீர் என்றால் தலை வெளியே வந்ததுமே வாயையும் மூக்கையும் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். அதனால் பயனில்லை என்று 2004-இல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. துவண்ட குழந்தைக்கு உடனே குழாய் போட்டு உறிஞ்சும் வழக்கத்தையும் 2015-இன் சர்வதேச உயிர்காப்பு வழிகாட்டுதல் தள்ளிவைத்தது; அந்த நேரத்தில் பேக் போடு என்றது. நிறைமாதக் குழந்தைக்கு எடுத்த எடுப்பில் முழு ஆக்சிஜன் வேண்டாம், அறைக் காற்றில் தொடங்கு என்று 2010-இலேயே சொல்லியாயிற்று. நல்லபடியாக அழும் குழந்தையின் தொப்புள்கொடியை உடனே வெட்டாதே என்றும் சொன்னார்கள்.

இதெல்லாம் சுற்றறிக்கையாக வந்து ஃபைலில் இருக்கிறது. வார்டில் நடப்பது வேறு. "அக்கா, இப்பல்லாம் அழற குழந்தைக்கு சக்‌ஷன் போட வேண்டாம்னு சொல்றாங்க" என்று புதிதாக வந்த பெண் மெல்லச் சொல்வாள். "இத்தனை வருஷமா நாங்க போட்டு எந்தக் குழந்தைக்கு என்னாச்சு?" என்று பதில் வரும். அவள் அதற்கு மேல் பேச மாட்டாள். அடுத்த ஆறு மாதத்தில் அவளும் சக்‌ஷன் போடக் கற்றுக்கொண்டிருப்பாள். மூத்தவர்களைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. அவர்களுக்குச் சொல்லித்தந்ததைத்தான் அவர்கள் செய்கிறார்கள். மாறியது ஏன் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. வாராந்திரப் பழக்கத்தில் மூத்தவரும் இளையவரும் ஒரே பொம்மைக்கு முன் நிற்கும்போது இந்தப் பேச்சு எடுபடுவது சுலபம். அங்கே யாரும் யாரையும் திருத்தவில்லை, எல்லோரும் சேர்ந்து படிகளைச் சொல்லிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தது. அந்தக் கவுன்சிலை அமைத்த 1947 சட்டத்தின் இடத்தில் 2023-இல் புதிய தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் வந்திருக்கும் நிலையில் இந்த மணிக்கணக்கை எப்படி நிரப்புவது என்ற கேள்வியை எழுப்ப இது நல்ல தருணம். இப்போது எப்படி நிரப்புகிறோம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஹால், ஃபிளெக்ஸ் பேனர், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், சாப்பாட்டுக்குப் பிறகான அமர்வில் பாதிப் பேர் தூக்கம் (நைட் முடித்து நேராக வந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?), குரூப் போட்டோ, சர்டிஃபிகேட். வார விடுப்பைத் தின்று, தனியார் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் என்றால் கட்டணத்தையும் கையிலிருந்து கொடுத்து வாங்கும் சர்டிஃபிகேட். புது மருந்து, புது நோய், சட்டத்தில் மாற்றம் போன்றவற்றுக்கு அரங்கம் சரியான இடம்தான். ஹைடமிலும் அந்த ஒருநாள் வகுப்பு போட்ட அடித்தளத்தின் மேல்தான் மற்றது நின்றது. கைத்திறனை மட்டும் அரங்கில் தேடுவதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு குறித்து 2023-இல் வெளிவந்த இ-மோட்டிவ் ஆய்வும் இதே திசையில்தான் கை காட்டுகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள். கடும் ரத்தப்போக்கு, அதனால் வரும் அறுவை, மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்து, ஐந்து சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே தொகுப்பாகத் தொடங்கினார்கள். மருந்துகள் ஏற்கெனவே எல்லோரும் அறிந்தவை. அந்தந்த மருத்துவமனைக்குள்ளேயே பயிற்சி, எல்லாம் தயாராக அடுக்கிய டிராலி, நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம் ஆகியவை அதோடு சேர்ந்து போயின.

நிர்வாகத்திடம் இதைக் கொண்டுபோனால் முதல் பதில் "ஸ்டாஃப் இல்லை, நேரம் இல்லை" என்பதாக இருக்கும். ஆள் பற்றாக்குறை உண்மை. அதை மறைத்து எழுதும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மாற்று ஆள் போடத் தேவையில்லை. ஹேண்ட் ஓவர் நேரத்தில் இரண்டு ஷிஃப்டும் ஒரே அறையில் இருக்கிறது. அந்த நேரம் டியூட்டி நேரமாகக் கணக்கில் வர வேண்டும். "சிஸ்டர், கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க" என்ற இனிப்பான உத்தரவாக மாறிவிடக் கூடாது. நவ்ஜாத் சிசு சுரக்‌ஷா கார்யக்ரம் என்ற பச்சிளங்குழந்தை உயிர்காப்புப் பயிற்சித் திட்டம் 2009-இல் தொடங்கியபோது வாங்கிய பயிற்சிப் பொம்மைகள் ஏதாவது ஓர் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் அவற்றை லேபர் ரூமுக்குக் கொண்டுவரலாம். சாவி யாரிடம் என்று கேட்பதில் தொடங்க வேண்டியிருக்கும்.

கவுன்சிலுக்கு ஒரு கோரிக்கை. வாரம் ஐந்து நிமிடம், மாதம் நாற்பது நிமிடம் என்றால் ஆண்டுக்கு 740 நிமிடம், அதாவது 12 மணி 20 நிமிடம். ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 62 மணி நேரம். தேதி, பழகிய படி, பங்கேற்றவர் பெயர், இன்சார்ஜ் சிஸ்டரின் கையெழுத்து என்று நான்கு பத்தி போட்ட ஒரு வார்டு ரிஜிஸ்டரை இந்த மணிகளுக்குச் சான்றாக ஏற்க வேண்டும். பொய்யாக எழுதிவைப்பார்கள் என்ற சந்தேகம் வரும். அரங்குக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதையும் இதே கவுன்சில்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ரிஜிஸ்டரைச் சோதிப்பது அதைவிட எளிது: முன்னறிவிப்பில்லாமல் லேபர் ரூமுக்கு வந்து, டியூட்டியில் இருப்பவர் கையில் மாஸ்க்கைக் கொடுத்து, பொம்மையின் நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.