டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

எங்கள் வாசகர் வட்டத்தின் இணையதளம் ஒருநாள் காணாமல் போனது. தளம் அமைத்துத் தந்தவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்திருந்தார், புதுப்பிக்க மறந்துவிட்டார். ஹோஸ்டிங்கும் அவர் கணக்கில்தான். ஆணவக் கொலைகள் குறித்து நாங்கள் தொகுத்த கட்டுரைகளும் அதோடு போயின. பேக்கப் எடுக்காதது என் தவறு.

தோழர்களே, முதலாண்டுச் சலுகையில் மயங்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். டொமைன் ஓரிடம், ஹோஸ்டிங் வேறிடம் இருக்கட்டும். டாட் காம் போன்ற பெயர்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான குறியீட்டைக் கேட்டால், ஐகான் விதிப்படி 5 நாட்களுக்குள் தர வேண்டும். பதிவு விவரங்களை மறைக்கத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். சாதிக்கு எதிராக எழுதுகிறவரின் வீட்டு முகவரி எவர் கைக்கும் எட்டும்படி கிடக்கலாமா?

இப்போது டொமைன் என் பெயரில். பழைய கட்டுரைகளை அச்சுப் படிகளிலிருந்து மீண்டும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.