அடிக்காத மாடும் படியும்



"அடியாத மாடு படியாது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யாராவது ஒரு பையன் முதுகில் இரண்டு வைத்த பிறகுதான் பெரும்பாலும் இந்தப் பழமொழி வெளியே வரும். மாட்டைப் பற்றிய பழமொழி ஆயிற்றே, முதலில் மாட்டிடமே கேட்டுவிடலாம்.

எங்கள் குன்றாண்டார்கோவில் பக்கம் சாயங்காலம் வந்து பாருங்கள். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் பொழுது சாயும் நேரத்தில் தாமாகவே வீடு திரும்பும். கழுநீர்த் தொட்டியில் தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைத்திருப்பார்கள் என்பது அவற்றுக்குத் தெரியும். வாளிச் சத்தம் காதில் விழுந்தால் போதும், தெருமுனையில் வரும் மாடு நடையை எட்டிப் போடும். (எங்கள் ஊர்க் கோயிலில் தேர் வடிவ மண்டபத்தை இழுக்கும் குதிரைகளுக்குத்தான் தவிடும் வேண்டாம், தட்டிக் கொடுக்கவும் வேண்டாம். அவை கல் குதிரைகள்!)

புதுக்கோட்டை மாவட்டம் ஜல்லிக்கட்டுக்குப் பேர் போனது. கந்தர்வகோட்டை அருகே தச்சன்குறிச்சியில் ஜனவரி மாதம் வாடிவாசல் திறக்கும். 2019-ஆம் ஆண்டு விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்து விடப்பட்டன. வாடிவாசலில் யாரையும் அண்டவிடாமல் சீறும் காளை, வீட்டில் உங்கள் வயதுப் பெண் பிள்ளை கயிற்றைப் பிடித்தால் பின்னாலேயே நடந்து வரும். கன்றாக இருந்தபோதே பேர் சொல்லிக் கூப்பிட்டு, பருத்திக்கொட்டை வைத்து, கழுத்தைத் தடவிக் கொடுத்து வளர்த்ததால் வந்த பழக்கம் அது. அத்தனை பலமுள்ள பிராணியை அடித்து அப்படிப் பழக்க முடியுமா? கம்பு எடுத்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றுதான். கம்பு வைத்திருப்பவனைக் கண்டால் முட்டு, இல்லாவிட்டால் ஓடு!

வாளிச் சத்தத்துக்கும் தீனிக்கும் மாட்டின் மனதில் முடிச்சு விழுந்துவிடுகிறது, பார்த்தீர்களா? ரஷ்ய நாட்டு விஞ்ஞானி இவான் பாவ்லோவ் நாய்களிடம் இதைத்தான் ஆராய்ந்தார். உணவு கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓர் ஓசையை எழுப்பினார். சில நாட்களில் உணவு வராவிட்டாலும், ஓசை கேட்டதுமே நாய்களுக்கு எச்சில் ஊறியது. பள்ளியில் மதிய உணவு மணி அடித்ததும் உங்கள் வயிறு 'கடமுடா' என்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆனால் இந்த முடிச்சு ருசியோடு மட்டும் விழுவதில்லை, பயத்தோடும் விழும். அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்பவர் ஒரு வயதுகூட ஆகாத குழந்தையின் முன் வெள்ளை எலி ஒன்றை விட்டார். குழந்தை பயமில்லாமல் தொட்டு விளையாடியது. பிறகு, அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் 'டணார்' என்று தட்டினார். கொஞ்ச நாளில் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. அதோடு நிற்கவில்லை. முயலைக் கண்டாலும் அழுதது. ரோமக் கோட்டைக் கண்டாலும் அழுதது! 1920-இல் வெளியான ஆராய்ச்சி இது. இன்று இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

இப்போது அந்த எலி இருக்கும் இடத்தில் கணக்குப் புத்தகத்தை வைத்துப் பாருங்கள். வாய்ப்பாடு தப்பினால் கையில் பிரம்படி என்றால், பயம் பிரம்போடு நிற்குமா? கணக்கின் மேல் ஏறும், கணக்கு வாத்தியார் மேல் ஏறும், திங்கட்கிழமை காலையின் மேலும் ஏறும். "சார், வயிற்று வலி" என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளும் பிள்ளைகளை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தவன் நான். அந்த வலி எல்லாமே நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

இம்போசிஷன் மட்டும் என்ன? தண்டனையாக நூறு தடவை எழுதச் சொன்னால், எழுதுவதே தண்டனை என்றுதானே கை கற்றுக்கொள்ளும்? "வெளியே போய் நில்" என்பது இன்னும் வேடிக்கை. பாடம் பிடிக்காத பையனுக்கு வேப்பமர நிழலும் காற்றும் பரிசு! நாளைக்கும் அவன் பேசுவான்.

சரி, பரிசு மட்டும் கொடுத்தால் போதுமா என்று கேட்பீர்கள். கடைத்தெருவில் உங்கள் தம்பி அழுகிறான், அம்மா மிட்டாய் வாங்கித் தருகிறார், அழுகை நிற்கிறது. மறுநாள் இன்னும் சத்தமாக அழுகிறான். இங்கே யார் யாரைப் பழக்கினார்கள்?

1973-இல் அமெரிக்காவில் இன்னொரு ஆராய்ச்சி. படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகள் சிலரிடம், "வரைந்தால் நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கினார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகளுக்கு வரைவதில் இருந்த ஆசை குறைந்துவிட்டது! சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. "முதல் ரேங்க் எடுத்தால் சைக்கிள்" என்று அப்பா சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். சைக்கிள் வந்த பிறகு புத்தகம் எதற்கு என்று பிள்ளை கேட்டுவிட்டால்?

மாடு தன்னை யார், எதைக் காட்டிப் பழக்குகிறார்கள் என்று யோசிப்பதில்லை. உங்களால் யோசிக்க முடியும். அதிலும் வகுப்புத் தலைவர்களே, நீங்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஆசிரியர் இல்லாதபோது கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி, பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு, கையில் ஸ்கேலோடு நிற்பது ஏன்? அந்த அதிகாரத்தை உங்களுக்கு யாரும் தரவில்லை. ஆசிரியருக்கே அது கிடையாது!

ஆம், தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே கல்வி விதிகளைத் திருத்தி, பள்ளியில் அடிப்பதற்குத் தடை போட்டார்கள். 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குழந்தையை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. மனதாலும் என்பதைக் கவனியுங்கள். "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொல்வதும் அதில் அடங்கும். (மாடு மேய்ப்பது லேசான வேலை என்று நினைப்பவர்களை ஒரு நாள் எங்கள் ஊர்க் கரட்டுக்கு அனுப்ப வேண்டும்!)

அடி வாங்கிய பிள்ளைகள் பலர் வீட்டில் சொல்வதில்லை. "நீ என்ன தப்பு செய்தாய்?" என்ற கேள்வி முதலில் வருமே என்ற பயம். தப்பு செய்திருந்தாலும் சொல்லலாம். அம்மா, அப்பா, பாட்டி, பிடித்த ஆசிரியர் என்று யாரிடமாவது சொல்லுங்கள். யாருமே காது கொடுக்காவிட்டால் 1098 என்ற எண்ணுக்கு எந்த போனிலிருந்தும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.