அந்த ஐந்து வாக்கியங்கள்

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை, பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025–26 கல்வியாண்டிலிருந்தே எடுத்துவிட்டது. அன்று முதல் குமரி மாவட்டத்து இரணியலில் எங்களைப் பார்க்கிற ஆங்கில ஆசிரியர்கள், "சார், இதுல நம்ம இதழ் என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். தேர்வு போனதை வரவேற்கிறோம். ஆனால் கைக்கு வந்திருக்கும் அந்த ஓராண்டை யார் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்ற கவலை எங்களுக்கு இருக்கிறது.

2017–18இல் இந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை யாரும் மறக்கவில்லை. பல பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமலே, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அந்தப் பழக்கம் திரும்பிவிடும் என்று இயற்பியல், கணக்கு ஆசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. நம் நிலை கொஞ்சம் வேறு. பொதுத்தேர்வின் நெருக்கடி இல்லாமல் பிள்ளைகள் சொந்தமாக ஆங்கிலம் எழுத, நமக்கு ஒரு முழு ஆண்டு கிடைத்திருக்கிறது. அதுவும் பிளஸ் டூ வினாத்தாளின் ஒத்திகையாக மாறினால், ஒத்திகையில் முதல் வரிசையில் வந்து உட்காரப் போவது பிழை கண்டு திருத்தும் வினாதான்.

ஐந்து வாக்கியம், ஐந்து மதிப்பெண். 'சீனியர் தேன்' வந்தால் 'சீனியர் டு'. 'ஒன் ஆஃப் தி பாய்' வந்தால் 'பாய்ஸ்'. 'கேட்டில் இஸ்' வந்தால் 'ஆர்'. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலின் காலத்து வாசனை மாறாமல், கையேட்டிலிருந்து கையேட்டுக்குத் தாவி வந்த சரக்கு இது. பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை ஐந்துக்கு ஐந்து வாங்கிவிடும். அந்தப் பிள்ளையே மறுநாள் சொந்தமாக எழுதுவது என்ன?

போன மாதம் ஒரு பிளஸ் ஒன் மாணவி கொடுத்த விடுப்புக் கடிதம் என் மேசையில் இருக்கிறது. 'ஃபீவர் கேட்ச்ட் மீ ஃப்ரம் யெஸ்டர்டே.' சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்துவிடலாம். ஆனால் 1956 நவம்பர் வரை மலையாள நாட்டோடு ஒரே ஆட்சியில் இருந்த இந்தக் கல்குளம் பகுதியில், காய்ச்சலுக்குப் பெயர் 'பனி'. 'நேத்துலிருந்து பனி பிடிச்சிருக்கு' என்பதை அந்தப் பெண் ஆங்கிலத்தில் அப்படியே எழுதியிருக்கிறாள். பனி என்றால் மார்கழிப் பனி என்று மட்டும் தெரிந்த வெளிமாவட்ட ஆசிரியருக்கு இந்தப் பிழையின் வேர் பிடிபடாது.

அந்த ஒரு வரியில் மூன்று பிழைகள், மூன்றும் மூன்று வகை. 'கேட்ச்ட்' என்பது விதியைக் கற்றதற்கான அடையாளம். விதிவிலக்குதான் இன்னும் கைவரவில்லை. நோய் வந்து ஆளைப் பிடிப்பது நம் மொழியின் அமைப்பு; ஆங்கிலத்தில் ஆள்தான் நோயைப் பிடிக்கிறான். 'நேத்துலிருந்து' என்பதில் உள்ள ஒரே உருபு 'ஃப்ரம்', 'சின்ஸ்' இரண்டுக்கும் நமக்குப் போதும். 'இருக்கு' என்ற நிகழ்காலமே தொடர்ச்சியையும் சொல்லிவிடும். 'மை ஃபாதர் இஸ் இன் கல்ஃப் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று எழுதும் பிள்ளைக்குப் பின்னாலும் 'பத்து வருஷமா கல்ஃபுல இருக்காங்க' என்ற வாக்கியம்தான் நிற்கிறது. 'மதர் ஆஸ்க்ட் வென் வில் யூ கம்' என்பதில் 'எப்ப வருவேன்னு கேட்டாங்க' என்ற 'ன்னு' ஒளிந்திருக்கிறது. பிள்ளை செய்யும் பிழை அதன் கற்றலுக்குச் சாட்சி என்று மொழியியலாளர் பிட் கார்டர் எழுதியது 1967இல். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து என். எஸ். பிரபு நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டம், பிழையைப் பாடமாக்காமல் வேலையின் நடுவே போகிறபோக்கில் திருத்தியது. நம் மண்ணில் நடந்த வேலை அது. நம் வினாத்தாளுக்கு அது எட்டவே இல்லை.

மரபுத்தொடருக்கும் இதே கதிதான். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' நம் கையேடுகளில் விடாமல் பெய்துகொண்டிருக்கிறது. ஆங்கிலேயர் ஒரு கல்லில் இரண்டு பறவையை அடிக்கிறார், நாம் இரண்டு மாங்காயை அடிக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போவதைக் கொல்லன் தெருவில் ஊசி விற்பதோடு சேர்த்துச் சொன்னால், பொருள் எழுதிப்போட வேண்டிய அவசியமே இல்லை.

இதையெல்லாம் நாங்கள் இன்றைக்குப் புதிதாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பணியிடைப் பயிற்சியில், பிள்ளைகளின் நோட்டிலிருந்து நூறு வாக்கியங்களைத் தொகுத்து எடுத்துக்கொண்டு போனேன். "கையேட்டில் இருப்பதை நடத்துங்கள் சார், போதும்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். தேர்வைக் கொண்டுவந்தார்கள், ஆங்கிலத்தின் இரண்டு தாளை ஒரு தாளாக்கினார்கள், இப்போது தேர்வை எடுத்தும் விட்டார்கள். அத்தனை மாற்றத்திலும் அந்த ஐந்து வாக்கியங்களை மட்டும் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. நாற்பது நோட்டைத் திருத்துகிறவரை ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கும் முடிவு, நல்ல முடிவாகவே இருந்தாலும், பாதி முடிவுதான். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இதைக் கோபத்தோடுதான் சொல்கிறோம்.

எங்கள் கோரிக்கை இரண்டு. பிளஸ் ஒன் பள்ளித் தேர்வில் பிழை திருத்தும் வினாவுக்குப் பதிலாக, மாணவர் தாமே எழுதிய பத்தியைத் தாமே திருத்தும் பயிற்சி வர வேண்டும். பிளஸ் டூ வினாவுக்கான வாக்கியங்கள் மாவட்டந்தோறும் பிள்ளைகளின் எழுத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

உத்தரவு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நெசவுக்குப் பேர்போன ஊர் இது; இழை எங்கே அறுந்தது என்று பார்க்காமல் இங்கே யாரும் முடிச்சுப் போடுவதில்லை. ஒவ்வொருவரும் உங்கள் வகுப்பு நோட்டுகளிலிருந்து பத்து வாக்கியங்களை எழுதி அனுப்புங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கீழே, அதன் பின்னால் இருக்கிற தமிழ் வாக்கியத்தை, அந்தப் பிள்ளை வீட்டில் பேசுகிறபடியே எழுதுங்கள். வருகிற இதழின் நடுப்பக்கம் அதற்குத்தான். முதல் வாக்கியமாக, பனி பிடித்த அந்த மாணவியின் வரி இருக்கும்.