ஊசி கூடினால் காவல் கூடாது

"காசு போனா போகுது டாக்டர், நல்ல பவரான ஊசியாப் போடுங்க." ஆபரேஷன் முடிந்த வார்டில் அன்றாடம் கேட்கும் குரல் இது. ஊசியை நிறுத்தினால் உறவினர்கள் பதறுகிறார்கள். அவர்கள் பதறுவார்கள் என்றே பல டாக்டர்கள் நிறுத்தத் தயங்குகிறார்கள். தையல் பிரிக்கும்வரை ஆன்ட்டிபயாடிக் ஏறினால்தான் சீழ் பிடிக்காது என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. அது தவறு, ஆளைக் கொல்லக்கூடிய தவறு.

கத்தி தோலைக் கிழிக்கும்போதுதான் கிருமி உள்ளே இறங்குகிறது. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்திலும் சதையிலும் கலந்து நிற்க வேண்டும். கிருமி புகுந்து மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்து பலிக்கவில்லை என்று ஜான் பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் கினிப்பன்றிகளில் சோதித்து 1961-லேயே எழுதிவிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: கீறலுக்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் மருந்தைக் கொடுங்கள், ஆபரேஷன் முடிந்தபின், தடுப்புக்காக என்று அதைத் தொடராதீர்கள்.

"கூடப் போட்டால் என்ன கெட்டுப்போகும்?" என்பார்கள். நிறையவே கெடும். குடலில் நமக்குத் துணையாக வாழும் பாக்டீரியாக்கள் செத்து, மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் அந்த இடத்தில் பெருகுகின்றன. அந்த நோயாளியின் சிறுநீர்ப் பையைக் காலிசெய்த கை, கழுவப்படாமலே, அந்தக் கிருமியோடு அடுத்த படுக்கைக்காரரின் கட்டைப் பிரிக்கிறது. அவருடைய புண்ணில் சீழ் வைத்தால், மெரோபெனம் போன்ற வலுவான மருந்துகூட எடுபடாமல், சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் கொலிஸ்டின் என்ற மருந்துவரை போக நேரிடலாம். பல உயர்ரக ஆன்ட்டிபயாடிக்குகளை முறியடிக்கும் என்.டி.எம்-1 மரபணு சென்னை, ஹரியானா நோயாளிகளின் கிருமிகளில் இருந்ததை 2010-லேயே லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழ் வெளியிட்டது. ஆக, இது எங்கோ நடக்கும் கதையல்ல.

புண்ணில் உண்மையாகவே தொற்று வந்துவிட்டால் மருந்து வேண்டும்தான். அதையும் சீழைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துக் கொடுப்பதே வைத்தியம். காய்ச்சலும் இல்லை, சீழும் இல்லை, ஊசி மட்டும் ஏழு நாள் என்றால் அதற்கு வைத்தியம் என்று பேர் கிடையாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், "கீறுவதற்கு முன்னால் ஊசி போடுவீங்களா? எப்போ நிறுத்துவீங்க?" என்று டாக்டரைக் கேளுங்கள். கட்டைத் தொட வருபவர் யாரானாலும், முதலில் கையைக் கழுவச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.